‘அட்டையைத் தொடாதே!’ - தறிவீட்டுச் சட்டமும் பழைய கம்ப்யூட்டரின் பூட்டும்

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி சாலையில் பாலாற்றுப் பாலத்தை நோக்கிப் போனால், பாலத்துக்கு முன்பே வந்துவிடும் செவிலிமேடு. பெரியவர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால், வரதராஜப் பெருமாளுக்காக ராமானுஜர் தீர்த்தம் எடுத்த சாலைக் கிணற்றைத்தான் முதலில் சொல்வார்கள். பட்டு ஊரின் ஓரம் என்பதால், தறிச் சத்தம் இங்கே யாருக்கும் புதிதல்ல.

தறி இருக்கும் வீட்டில் குழந்தைகளுக்குச் சில சட்டங்கள் உண்டு. பாவில் ஈரக் கை வைக்கக் கூடாது. தறிக் குழிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தறிக்கு மேலே மாலை மாலையாகத் தொங்கும் ஜக்கார்டு அட்டையைத் தொடவே கூடாது.

காரணம் இருக்கிறது. புடவையின் மயிலும் மாங்காயும் யாளியும் நெசவாளியின் கையில் இல்லை, அந்த அட்டையில் இருக்கின்றன. ஊடை நூல் ஒருமுறை குறுக்கே போவதற்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் நூல் அப்படியே கிடக்கும். இப்படிக் கோத்துக் கட்டிய அட்டைகள், டிசைனைப் பொறுத்து நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் போகும். ஓர் அட்டை தலைகீழாக மாறிவிட்டால் தறி நிற்காது. அதுதான் ஆபத்து. தறி பாட்டுக்கு ஓடும், ஒவ்வொரு சுற்றிலும் மயிலின் கழுத்து ஒரே இடத்தில் உடைந்துகொண்டே வரும்.

இன்னொரு பயமும் உண்டு. அட்டையை யாரும் கெடுக்க வேண்டியதில்லை. ஓர் இரவு எடுத்துப்போய்ப் பார்த்து, துளைக்குத் துளை இன்னொரு கட்டு அடித்துக்கொண்டாலே போதும். மறுநாள் அட்டை அதே இடத்தில் தொங்கும். டிசைன் மட்டும் ஊரில் இன்னொரு தறியிலும் ஓடும்.

மாற்றினால் ஒரு நஷ்டம், பார்த்தாலே இன்னொரு நஷ்டம். உலகத்தின் பெரிய வங்கிகள் பலவற்றின் கணக்கைத் தாங்கி நிற்கும் ‘மெயின்ஃபிரேம்’ கம்ப்யூட்டர்களின் காவல் கதை முழுவதும் இந்த இரண்டு பயங்களுக்குள் அடங்கிவிடும்.

தறியிலிருந்து எந்திரத்துக்கு

பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு துளையட்டைத் தறியைக் கொண்டுவந்தது 1804-ல். துளையில் தகவலை எழுதலாம் என்ற எண்ணம் பின்னால் அமெரிக்காவுக்குப் போனது. 1890-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளை வைத்து எண்ணி முடித்தார். அவருடைய நிறுவனமும் வேறு சிலவும் சேர்ந்து உருவானதுதான் பிற்பாடு ஐபிஎம். 1928-ல் அந்த நிறுவனம் தன் அட்டையில் 80 பத்திகள் வைத்தது. இந்த 80 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள். கடைசியில் திரும்பி வரும்.

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் அறிவித்த ‘சிஸ்டம்/360’தான் இன்றைய மெயின்ஃபிரேம்களின் பாட்டி. ஓர் அறையை அடைத்து நின்ற எந்திரம் அது. அந்தப் பரம்பரையில் வந்த ஐபிஎம் 370/155 ஒன்று, 1973-ல் ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐஐடிக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்து மாணவர் தன் புரோகிராமை அட்டைகளில் துளையிட்டு, ரப்பர் பேண்டு போட்டு, கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அச்சடித்த தாள் வந்த பிறகுதான் ஒரு கமா விட்டுப்போனது தெரியும். வழியில் அட்டைக் கட்டு கைநழுவிச் சிதறினால் என்ன ஆகும் என்பதை எந்தத் தறிக்காரரும் சொல்லிவிடுவார்.

எந்திரத்தின் சொந்த அட்டைகள்

நீங்கள் போனில் ‘ஃபைல்’ என்று சொல்வதை மெயின்ஃபிரேம்காரர்கள் ‘டேட்டா செட்’ என்பார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று, வாடிக்கையாளர் கணக்கு, சம்பளப் பட்டியல், பாலிசி விவரம். இன்னொன்று எந்திரம் தனக்காக வைத்திருப்பது. இந்த இரண்டாவது வகையின் பெயர்கள் பெரும்பாலும் ‘சிஸ்1’ என்று தொடங்கும்.

சிஸ்1.நியூக்ளியஸ் என்பது எந்திரம் கண் விழித்ததும் முதலில் ஏற்றிக்கொள்ளும் கரு. அது கெட்டால் எந்திரம் எழுந்திருக்காது. சிஸ்1.லிங்க்லிப், எல்லோரும் பயன்படுத்தும் புரோகிராம்கள் இருக்கும் அலமாரி. சிஸ்1.பார்ம்லிப், எந்திரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கட்டளைகளின் தொகுப்பு. சிஸ்1.யுஏடிஎஸ், எந்திரத்துக்குள் நுழைய அனுமதி உள்ளவர்களின் பெயரும் கடவுச்சொல்லும்.

வாடிக்கையாளர் கணக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பது யாருக்கும் புரியும். சிஸ்1 ஃபைல்களில் பணமும் இல்லை, பெயரும் இல்லை. அதைத் திருடி என்ன செய்யப்போகிறார்கள் என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். தறியில் பட்டு நூலைத் திருடினால் ஒரு புடவை போகும். அட்டையை மாற்றினால் அந்தத் தறியில் இனி வரும் புடவை எல்லாம் மாற்றியவர் இஷ்டப்படிதான் வரும்.

வளையமும் துண்டுச்சீட்டும்

ஆடியோ கேசட் வைத்திருந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். பிடித்த பாட்டின் மேல் யாரும் வேறெதையும் பதிவு செய்துவிடக் கூடாது என்றால், கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவார்கள். மெயின்ஃபிரேமின் காந்த நாடாவுக்கும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். நாடாச் சுருளின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் வளையம் பொருத்தினால் மட்டுமே எழுத முடியும். வளையம் இல்லையென்றால் படிக்கலாம், அவ்வளவுதான். எந்தப் புரோகிராமாலும் ஏமாற்ற முடியாத பூட்டு. இன்றுவரை இதைவிட நேர்மையான பூட்டு வரவில்லை என்றே சொல்லலாம்.

அடுத்து வந்தவை அவ்வளவு நேர்மையாக இல்லை. நாடாவில் ‘இந்தத் தேதி வரை அழிக்காதே’ என்று எழுதி வைக்கலாம். தேதிக்கு முன்பு ஒரு வேலை அதன்மேல் எழுத வந்தால் எந்திரம் ஆபரேட்டரிடம் கேட்கும். அவர் ‘யு’ என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினால் அனுமதி. ராத்திரி ஷிஃப்டில், நூறு வேலை வரிசையில் நிற்கும்போது, அந்த யோசனைக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? போனில் ‘அலோ’ பட்டனைப் படிக்காமலே தட்டுகிறவர்கள் ஆபரேட்டரைக் குறை சொல்ல முடியாது.

டிஸ்க்கில் இருக்கும் டேட்டா செட்டுக்குக் கடவுச்சொல் வைக்கும் வசதியும் ஓஎஸ்/360-ல் இருந்தது. படிக்கவே கடவுச்சொல் கேட்கும்படியும் வைக்கலாம், எழுதுவதற்கு மட்டும் கேட்கும்படியும் வைக்கலாம். அருமையான யோசனைதான். ஆனால், அட்டைக் கட்டாக வரும் வேலைக்கு யார் கடவுச்சொல் சொல்வது? எந்திரம் அதையும் ஆபரேட்டரிடமே கேட்டது. ஆக, ரகசியம் ஷிஃப்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டிவைத்த பிறகு, அதற்குப் பெயர் கடவுச்சொல்லா?

இதைவிட மோசம் சிஸ்1.யுஏடிஎஸ். ஆரம்ப காலத்தில் பயனாளர்களின் கடவுச்சொற்கள் அதில் எந்த மறைப்பும் இல்லாமல், எழுதியது எழுதியபடியே இருந்தன. அந்த ஒரு ஃபைலைப் படிக்க முடிந்தவருக்கு அத்தனை பேர் வீட்டுச் சாவியும் கையில்.

கெட்ட எண்ணமே இல்லாமலும் நாசம் நடக்கும். சிஸ்1.லிங்க்லிப் போன்ற அலமாரியில் ஒரு புரோகிராமின் புதுப் பதிப்பை வைத்தால், பழையது இருந்த இடம் வெற்றிடமாகக் கிடக்கும். நாளடைவில் அலமாரி நிறைந்துவிடும். அப்போது எல்லாவற்றையும் நெருக்கி அடுக்குவதற்கு ‘கம்ப்ரஸ்’ என்று ஒரு வேலை உண்டு. எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நல்ல மனிதர் சுத்தம் செய்கிறேன் என்று அதைச் செய்துவிட்டால் தீர்ந்தது. எந்தப் புரோகிராம் எங்கே இருக்கிறது என்று எந்திரம் மனப்பாடம் செய்து வைத்திருந்த முகவரிகள் எல்லாம் பொய்யாகிவிடும். வேலைகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். ஆகவே, எழுதும் அனுமதியைப் பிடித்து வைப்பது திருடனுக்காக மட்டுமல்ல, சுறுசுறுப்பான ஊழியருக்காகவும்தான்.

கம்பெனி போய்விட்டது, எந்திரம் இருந்தது

இந்தியாவில் இந்தக் கவலைக்கு இன்னொரு கனமும் சேர்ந்தது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்குகளைக் குறைத்துக்கொள்ள மறுத்து, 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. ஐஐடியிலும் ரயில்வேயிலும் மற்ற இடங்களிலும் நின்ற எந்திரங்கள் நின்றபடியே இருந்தன. பராமரிப்பை ஏற்றுக்கொண்டது, அதற்கு மூன்று வருடம் முன்பே மத்திய அரசு தொடங்கியிருந்த சிஎம்சி நிறுவனம்.

எந்திரத்தைச் செய்தவரே ஊரில் இல்லாதபோது கையில் இருக்கும் சிஸ்டம் நாடாவின் மதிப்பை யோசித்துப் பாருங்கள். அட்டையில் துளையிட்டுக் கொடுத்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். தறியில் தொங்குவது மட்டும்தான் மிச்சம். அதைக் கெடுத்துக்கொண்டால் திரும்ப வாங்க எங்கே போவது? இன்று ‘பேக்கப்’ என்று சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைக்கு அன்று வேறு எடை.

பூட்டு வந்தது, ஓட்டையும் வந்தது

1976-ல் ஐபிஎம் ‘ராக்-எஃப்’ என்ற காவல் மென்பொருளைக் கொண்டுவந்தது. டேட்டா செட்டுக்குக் கடவுச்சொல் என்ற பேச்சு போய், ஆளுக்கு அனுமதி என்ற முறை வந்தது. இவருக்கு இந்த ஃபைலில் ஒன்றும் கிடையாது, அவர் படிக்கலாம், இன்னொருவர் மாற்றலாம், நான்காமவர் அழிக்கவும் செய்யலாம். கதவைத் தட்டினவர் யார், எப்போது தட்டினார் என்ற குறிப்பும் விழும்.

ஆனால், ஆரம்ப கால ராக்-எஃபில் ஒரு வேடிக்கை இருந்தது. பூட்டச் சொன்ன ஃபைலுக்குத்தான் பூட்டு. சொல்ல மறந்தது எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். 1978-ல் வந்த ‘ஏசிஎஃப்2’ என்ற போட்டி மென்பொருள் இதைத் தலைகீழாக்கியது: எல்லாம் பூட்டியே இருக்கும், திறக்கச் சொன்னது மட்டும் திறக்கும். வீட்டுப் பீரோவை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று யோசித்தால் எது சரி என்பதற்கு விளக்கமே வேண்டாம். ராக்-எஃபும் பின்னால் அந்த வழிக்கு வந்தது.

இன்னொரு விஷயத்தை எந்த மெயின்ஃபிரேம் ஆடிட்டரும் முதலில் தேடுவார். ராக்-எஃபைப் புதிதாக நிறுவினால் ‘ஐபிஎம்யூசர்’ என்ற பெயரில் சர்வ அதிகாரமும் உள்ள ஒரு கணக்கு வரும். அதன் முதல் கடவுச்சொல் ‘சிஸ்1’. எல்லா ஊரிலும் இதேதான். வேண்டியவர்களுக்கு அதிகாரம் கொடுத்ததும் இந்தக் கணக்கை முடக்கிவிட வேண்டும். முடக்க மறந்த இடத்தில் மற்ற பூட்டுகள் எல்லாம் அலங்காரம்தான்.

நிஜமான கருவறை எது என்றால், ‘ஏபிஎஃப்’ பட்டியலில் இருக்கும் அலமாரிகள். அந்த அலமாரிகளில் வைக்கப்பட்ட புரோகிராம், எந்திரத்தின் மூலஸ்தானம் வரை போகும் தகுதியைக் கேட்டுப் பெற முடியும். அங்கே போன பிறகு ராக்-எஃப் வாசலில் நிற்கும் காவலாளிதான். உள்ளே இருப்பவரைத் தடுக்க அதனால் ஆகாது. ஆகவே, அந்த அலமாரிகளில் ஒன்றே ஒன்றில் எழுதும் அனுமதி இருந்தால்கூடப் போதும், மீதி எந்தப் பூட்டையும் உடைக்கவே வேண்டாம். அந்தப் பட்டியல் இருப்பது சிஸ்1.பார்ம்லிப்பில். எனவே, அதற்கும் அதே காவல் வேண்டும். பல வருடம் முன்பு யாரோ ஒருவர் ஏதோ சோதனைக்காகச் சேர்த்த அலமாரி, அவர் ஓய்வுபெற்றுப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் பட்டியலில் தூங்கிக்கொண்டிருப்பது உண்டு.

ஸ்வீடனில் நடந்தது

மாற்றினால் நஷ்டம் என்பது முதல் பயம். பார்த்தாலே நஷ்டம் என்ற இரண்டாவது பயம் 2012-ல் ஸ்வீடனில் உண்மையாயிற்று.

‘லாஜிகா’ என்ற நிறுவனம் அங்கே வரித்துறை உள்ளிட்ட பல அமைப்புகளின் தகவல்களைத் தன் மெயின்ஃபிரேமில் வைத்து நடத்திக்கொண்டிருந்தது. அந்த வருடம் மார்ச் மாதம், யாரோ உள்ளே நடமாடுவது தெரிந்து போலீஸுக்குப் போனார்கள். விசாரணையில் வெளிவந்த முக்கியமான சங்கதி, ராக்-எஃபின் சொந்த டேட்டா செட்டையே பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள் என்பது. பயனாளர்களின் கடவுச்சொற்கள் மறைகுறியாக்கப்பட்டு இருக்கும் ஃபைல் அது.

மறைத்துத்தானே இருந்தது என்று கேட்கலாம். எந்திரத்தின் வாசலில் நின்று கடவுச்சொல்லை ஊகித்தால், நாலு தப்புக்கு மேல் கணக்கு முடங்கும். ஃபைலையே வீட்டுக்குக் கொண்டுபோனவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. கோடி முறை முயன்று பார்க்கலாம், யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். பழைய ராக்-எஃப் கடவுச்சொல்லோ அதிகபட்சம் 8 எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் கிடையாது. ஓர் இரவு அட்டைக் கட்டை எடுத்துப்போன கதைதான்.

‘பைரட் பே’ இணையதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான காட்ஃபிரிட் ஸ்வார்ட்ஹோம் வார்க், கம்போடியாவில் பிடிபட்டு ஸ்வீடனுக்குக் கொண்டுவரப்பட்டார். தன் கம்ப்யூட்டரை வேறு யாரோ தூரத்திலிருந்து பயன்படுத்தியதாக அவர் வாதிட்டார். 2013 ஜூனில் இரண்டு வருடத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில், நார்டியா வங்கி தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டு, தண்டனை ஒரு வருடமாகக் குறைந்தது. அதன் பிறகு உலகெங்கும் மெயின்ஃபிரேம் வைத்திருந்தவர்கள் தங்கள் ராக்-எஃப் ஃபைலைப் படிக்க யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பட்டியல் எடுத்துப் பார்த்தால், அது நியாயமான பயம்தான். பேக்கப் நாடாவிலும் அதே ஃபைலின் பிரதி இருக்கிறது என்பது பலருக்கு இரண்டாவதாகத்தான் உறைக்கும்.

இன்றைய காவல்காரர்கள்

2000-ம் ஆண்டுப் பிரச்னையின்போது, சென்னையின் கம்ப்யூட்டர் சென்டர்களில் கோபால் படித்துவிட்டு அமெரிக்கா போனவர்கள் ஏராளம். ‘மெயின்ஃபிரேம் செத்துப்போச்சு’ என்று அப்போதே சொன்னார்கள். இன்றும் சென்னையின் ஐடி அலுவலகங்களில் வெளிநாட்டு வங்கிகளின், காப்பீட்டு நிறுவனங்களின் மெயின்ஃபிரேம்களை ராத்திரி பகலாகக் கவனித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அலுவலகப் பேருந்தில் தூங்கிக்கொண்டு போகும் அந்தப் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கிழவி ஒருத்தியின் பென்ஷன் தன் விரல் நுனியில் இருக்கிறது என்ற நினைப்பு எப்போதும் இருக்காது. இருக்கவும் கூடாது, பயத்தில் வேலை ஓடாது. அதற்காகத்தான் விதிகள்.

விதிகள் சிக்கலானவை அல்ல. லிங்க்லிப்பை எல்லோரும் படிக்கலாம், மாற்றுவது இரண்டு மூன்று பேர் மட்டும். ராக்-எஃபின் ஃபைலைப் பார்ப்பதுகூட வேலை நிமித்தம் தேவைப்படுபவருக்கே. பூட்டு வைப்பவரும் பூட்டைச் சோதிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஓடும் டிஸ்க்கில் கை வைக்காமல், அதன் பிரதியில் மாற்றம் செய்து, அதிலிருந்து எந்திரத்தை எழுப்பிப் பார்த்து, சரியென்றால் மட்டும் இடம் மாற்றுவது. தவறினால் பழைய டிஸ்க் கைக்கெட்டும் தூரத்தில். ராக்-எஃப் ஃபைலுக்கே எப்போதும் இரட்டை. இரண்டும் போய்விட்டால், யாரை உள்ளே விடுவது என்று எந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஆபரேட்டரிடம் கேட்க ஆரம்பிக்கும். அதாவது, பழைய துண்டுச்சீட்டுக் காலம் திரும்பிவிடும்.

இதையெல்லாம் பழகிப் பார்க்க இன்று ஓர் அறை அளவு எந்திரம் வேண்டியதில்லை. ‘ஹெர்குலிஸ்’ என்ற இலவச மென்பொருள் ஒரு சாதாரண லேப்டாப்பை மெயின்ஃபிரேமாக நடிக்கவைக்கும். அதில் ‘எம்விஎஸ் 3.8’ என்ற பழைய சிஸ்டத்தை ஏற்றி, உலகெங்கும் ஆர்வலர்கள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். செவிலிமேட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளையும் ஓட்டலாம். ராக்-எஃப் காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு என்பதால் இதில் கிடையாது. சிஸ்1 ஃபைல்கள் எல்லாம் திறந்த வீடு. அதற்காக ஆர்வலர்கள் பயன்படுத்துவது ‘ஆர்ஏகேஎஃப்’ என்ற எளிய காவல் மென்பொருள்.

அதில் இரண்டே பட்டியல். ஒன்றில் ஆட்களின் பெயர், குழு, கடவுச்சொல். இன்னொன்றில் எந்த ஃபைலில் யாருக்கு என்ன அனுமதி. இரண்டும் வெறும் எழுத்துகளாக, ஒரு டேட்டா செட்டுக்குள் உட்கார்ந்திருக்கின்றன, கடவுச்சொற்கள் உட்பட. ஆகவே, நிறுவியவர் முதலில் போட வேண்டிய பூட்டு, பூட்டுகளின் பட்டியல் இருக்கும் அந்த டேட்டா செட்டுக்குத்தான்.

பட்டியலின் ஒவ்வொரு வரியும் சரியாக 80 எழுத்து. 1928-ன் அட்டை அளவு. பெயர் இந்தப் பத்தியில், அனுமதி அந்தப் பத்தியில் என்று இடம் குறித்திருக்கிறது. ஓர் எழுத்து ஒரு பத்தி தள்ளிப்போனால் எழுதிய விதி நினைத்த விதியாக இருக்காது, இடம் மாறி விழுந்த துளையைப் போல.